பதிவான இடம்

ஜூன் 2, வெள்ளி

மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஆள் வந்து பார்த்து வால்வு போய்விட்டது என்றான். நாளைக்கு வருவானாம். இவர்கள் சொல்லும் நாளை எந்தக் கிழமையில் வரும் என்பது அவர்களுக்கே தெரியாது.

மத்தியானம் போனில், பழைய பாட்டு ரசிகர்கள் குழுவில், ஒரு பாட்டு வந்தது. பாடியவர் பெயர் போடவில்லை. பழைய படத்துத் தாலாட்டு மெட்டு, சொல் மட்டும் புதிது.

தூங்கு மலையே தூங்கு, விடிஞ்சா நீ இருக்க மாட்ட
ஜல்லியாகிப் போவ, ஊருக்கு ரோடாக மாட்ட
ஆடி ஆடி லாரி போகும், எல்லை தாண்டிப் போகும்
அண்ணாச்சி வீட்டு மாடி இன்னும் ஒண்ணு கூடும்

கடைசி வரிக்கு முன்னால் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒரு மூச்சு. அந்த மூச்சைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது நக்கல் ஞானமுத்து. உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இதை என்றாவது யாராவது படிக்கக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன். ஞானமுத்து சினிமா மெட்டில் கேலிப்பாட்டுக் கட்டிப் பாடியவர். கல்யாண வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எங்கும் அவர் கேசட் ஓடிய காலம் ஒன்று இருந்தது. ‘கரண்டு போச்சு’, ‘ரேஷன் ராகங்கள்’, ‘மாப்பிள்ளை விற்பனைக்கு’, ‘வாய்க்கொழுப்பு’. எல்லாமே கொப்பரை மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் பதிவானவை. ‘வாய்க்கொழுப்பு’ வந்த வருஷம் யாரோ அவரை அடித்துப் போட்டார்கள். அதோடு பாட்டு நின்றது. செத்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. நான் நம்பியதில்லை.

அவருடைய ஒலிப்பதிவுகள் முழுவதையும் வரிசைப்படுத்தி அட்டவணை வைத்திருப்பவன் இந்தப் பாளையங்கோட்டையில் நான் ஒருவன்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கோமதிநாயகம். பாட்டு, மெட்டு, தேதி, பதிவான இடம். எந்தக் கட்டமும் காலியாக இருக்காது.

இந்தப் புதுப் பாட்டுக்குக் கடைசிக் கட்டம் காலி.

ஜூன் 5, திங்கள்

இரண்டாவது பாட்டும் வந்தாயிற்று. இதில் அண்ணாச்சி மலையைக் கட்டிப்பிடித்து அழுகிறார், அவ்வளவு பாசமாம். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரியும், ராதாபுரம் பக்கம் கல்குவாரி நடத்தும் தாழையப்பன் அண்ணாச்சி. இரண்டு பாட்டும் இப்போது ஆட்டோவில் ஓடுகின்றனவாம், பால்பூத்தில் ஓடுகின்றனவாம்.

குழுவில் நான் “இது ஞானமுத்துவின் குரல்” என்று போட்டேன். தென்காசி சொரிமுத்து உடனே, “அண்ணே, இதெல்லாம் இப்போ கம்ப்யூட்டரே பாடும். உங்களுக்கு வயசாயிட்டு” என்று எழுதினான். கூடவே சிரிக்கும் பொம்மை வேறு. பலபேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். ஞானமுத்துவின் ஒரு கேசட்டைக்கூட முழுதாக வைத்திராத பயல்கள்.

மனைவி வல்லியிடம் சொன்னேன். “அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். ஒங்களுக்கென்ன? அந்தச் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேனே, பண்ணியளா?” என்றாள்.

மறந்துபோயிருந்தது.

ஜூன் 9, வெள்ளி

வால்வு மாற்றியாயிற்று. மூன்றாம் பாட்டு வந்தது. முந்தினதைவிடக் காரம்.

ஜூன் 11, ஞாயிறு

இன்று நல்ல நாள். என்னைத் தேடி ஒருவர் வந்தார்.

பெயர் நவநீதன். முப்பத்தைந்து வயது இருக்கும். சென்னையில் பழைய ஒலிப்பதிவுகளைச் சேகரித்துக் காப்பகம் நடத்துகிறாராம். ஞானமுத்துவின் ஒலிப்பதிவுகள் முழுவதையும் புத்தகமாகப் போட வேண்டும் என்று அலைகிறாராம். “யாரைக் கேட்டாலும் ஒங்க பேரத்தான் சார் சொல்றாங்க” என்றார். குழுவில் நான் எழுதியதை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். சொரிமுத்துவுக்குத் தெரிந்தால் வயிறு எரியும்.

மரப்பெட்டியைத் திறந்து கேசட்டுகளைக் காட்டினேன். ‘கரண்டு போச்சு’ போட்டேன். மாமனார் இருட்டில் மருமகன் என்று நினைத்து எருமைக்கு மோதிரம் போடும் இடம். கேட்டவர்கள் யாரும் அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்ததில்லை. நவநீதன் தலையை மெல்ல ஆட்டினார். ஆழமான ரசனை உள்ளவர்கள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு புதுப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டார். “குரல் அவருதுன்னு எப்படி சார் சொல்றீங்க?” என்றார். விழுங்கிய சிரிப்பை எடுத்துக் காட்டினேன். பழைய கேசட்டில் ஒருமுறை, போனில் ஒருமுறை. திரும்பத் திரும்பக் கேட்டார். “அப்போ ஆளு உயிரோட இருக்காரு” என்றார். ஒரு ரசிகனுக்கு அது எத்தனை பெரிய செய்தி!

அட்டவணையைப் பார்த்தவர் விரலைச் சரியாக அந்தக் காலிக் கட்டத்தில் வைத்தார். “இது மட்டும்...” என்று இழுத்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. முப்பது வருஷம் பத்திரம் பார்த்தவன் நான். இடம் குறிக்காத பத்திரத்தை மேசையிலிருந்து தள்ளிவிட்டவன்.

“கண்டுபிடிச்சுரலாம்” என்றேன்.

போகும்போது அருமையான ஹெட்போன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். காரில் டிரைவர் இறங்காமலே காத்திருந்தார். கார் முழுக்க வெள்ளைத் தூசி. சென்னையிலிருந்து வரும் வழியில் ரோடு வேலை நடக்கிறது போலும்.

ஜூன் 14, புதன்

ஹெட்போன் என்றால் இதுதான் ஹெட்போன். பாட்டுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது என்று தெரியாமல் போயிற்றே. அவர் மூக்கை உறிஞ்சுவது, நாற்காலி முனகுவது, யாரோ தூரத்தில் பாத்திரம் போடுவது எல்லாம் கேட்கிறது.

பத்திரத்தில் சொத்துக்கு நான்கெல்லை எழுதுவோம். கிழக்கே இன்னாருடைய தோட்டம், மேற்கே வாய்க்கால் என்று. பாட்டுக்கும் நான்கெல்லை பிடிக்க முடியும் என்று இன்று தோன்றியது. என்னை நானே தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

முதல் எல்லை கிடைத்துவிட்டது. இரண்டாம் பாட்டில் சரணம் முழுக்க, ஒரே சீராக, பெரிய போர்வையை உதறுவதுபோல ஓர் ஓசை. காற்றாலை. அதுவும் ஒன்றல்ல, பல. ஆக வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் வட்டாரம்.

நவநீதன் சாயங்காலம் வந்தார். சொன்னேன். தனியாகப் போய் யாருக்கோ போன் பேசினார். “பக்கத்துலதான் அண்ணாச்சி, ஆமா, நம்ம பக்கந்தான்” என்பது காதில் விழுந்தது. சென்னைக்காரர் என்றாலும் நம்மூர்ப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. பதிப்பாளரை அண்ணாச்சி என்கிறார் என்று நினைக்கிறேன்.

அவர் போனதும் வல்லி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, “அந்தத் தம்பி ஒரு பாட்டுக்காவது சிரிச்சாரா, பாத்தியளா?” என்றாள்.

“ஆராய்ச்சி பண்ணுறவங்க சிரிக்க மாட்டாங்க.”

“நீங்களும் ஆராய்ச்சிதான் பண்ணுதிய. கெக்கெக்கேன்னு சிரிக்கத்தான செய்யுதிய?”

பெண்களிடம் இதை விளக்க முடியாது. அவளுக்கு முழங்கால் வலி அதிகம். நாளை எண்ணெய் வாங்க வேண்டும்.

ஜூன் 17, சனி

இரண்டாம் எல்லை: ரயில். மூன்றாம் பாட்டின் நடுவில் முதலில் கேட் மணி, பிறகு நீளமாக ஹாரன், பிறகு சரக்கு வண்டி. பெட்டிகள் தாண்டி முடிக்க ஒரு சரணமும் பல்லவியும் ஆகின்றன. ஞானமுத்து நிறுத்தவே இல்லை, ரயிலோடு போட்டி போட்டுப் பாடுகிறார். மனுஷன் மனுஷன்தான்! ஆக, தண்டவாளத்துக்கும் கேட்டுக்கும் அருகில்.

மூன்றாம் எல்லை: சங்கு. குவாரியில் வெடி வைப்பதற்கு முன் ஊதுவது. அடுத்துப் பொத்தென்று ஓர் அதிர்வு, அலமாரியில் எதுவோ கலகலத்தது. வீட்டுக்கு மிக அருகில் வெடி. பாடுகிறவர் அந்த இடத்தில் “போட்டாம்யா” என்று மெதுவாகச் சொல்வதுகூடக் கேட்கிறது. இரண்டையும் நவநீதனுக்குப் போனில் சொல்லியாயிற்று.

பேப்பரில் ஒரு செய்தி. பணகுடியில் டீக்கடையில் அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்ட கடைக்காரரை முகமூடி போட்ட ஆட்கள் அடித்திருக்கிறார்கள். இரண்டு கையும் முறிவு. போலீஸ் விசாரிக்கிறது. நாடு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

சொரிமுத்து குழுவை விட்டு விலகிவிட்டான். காரணம் சொல்லவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ளும் பக்குவம் இல்லை.

ஜூன் 21, புதன்

நான்கும் கிடைத்தாயிற்று!

முதல் பாட்டின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் தொண்டையைக் கனைக்கும்போது தூரத்தில் ஒரு கோயில் மணி. கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் மணி. ஆனால் மணி மாதிரி இல்லை, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவதுபோல. விரிசல் விட்ட மணி.

நான் வள்ளியூரில் வேலை பார்த்த நாளில் சொத்து மதிப்பீட்டுக்காக ஊர் ஊராகப் போவேன். ஓர் ஊரில் இந்த மணி அடித்தபோது கூடவந்தவர் சிரித்தார். விரிசல் விட்ட மணியை மாற்றப் பணம் பிரித்து, எந்தக் குடும்பத்தின் பெயரை மணியில் பொறிப்பது என்று சண்டை வந்து, கடைசியில் பழைய மணியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். ஏழுபனைவிளை. ரயில் கேட்டைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே. இப்போது பின்னால் குவாரி வந்திருக்க வேண்டும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வல்லியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டு அந்த மணியைக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். “ஒரு மனுசன் பேர் போடாமப் பாடுனா, பேர் தெரியக் கூடாதுன்னுதான பாடுதாரு?” என்றாள்.

பேனாவை எடுத்துக் கட்டத்தில் எழுதப்போனேன். பிறகு, நவநீதன் முன்னால் எழுதினால் நன்றாக இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 24, சனி

காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு பெண். முப்பது முப்பத்திரண்டு வயதுக் குரல்.

“கோமதிநாயகம் சாரா? நீங்க குழுவுல எழுதுனத ஒருத்தர் அனுப்புனாவ. அந்தப் பாட்டெல்லாம் யாரு பாடுனதுன்னு இனிமே எழுதாதீங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“நீங்க யாரும்மா?”

“பியூலா” என்றாள். பிறகு, “அவங்க மகதான்” என்றாள்.

போனைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். நான் சொன்னது சரி. சொரிமுத்து எங்கே, நான் எங்கே!

அவள் பேசிக்கொண்டே போனாள். வெடியில் வீடு முழுக்க விரிசல் விட்டிருக்கிறது. அவள் அம்மா படுத்திருந்த கட்டில்மேல் கூரை ஓடு விழுந்து, அதிலிருந்து அம்மா எழுந்திரிக்கவில்லை, பொங்கல் முடிந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். கலெக்டர் ஆபீஸ், போலீஸ், எல்லா இடமும் நடந்தாயிற்று. “அவங்களுக்கு வேற என்ன சார் தெரியும்? பாட்டுதான தெரியும். வேண்டாம்ப்பான்னு கால்ல விழுந்து சொன்னேன். பேர் போட மாட்டேன், யாருக்குந் தெரியாதுங்காவ. முன்ன அடிச்சதுல ஒரு பக்கத்து நெஞ்செலும்பே சரியில்ல சார். இன்னொரு அடி தாங்க மாட்டாவ.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். உண்மையாகவே செய்தேன்.

“அப்பாட்ட ஒங்களப் பத்திச் சொன்னேன். சிரிச்சாவ” என்றாள். “கிட்டங்கில பதிஞ்சதுகூடத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரான்னு கேட்டாவ.”

மனசு நிறைந்துபோய் இன்று மத்தியானம் சாப்பிடவே முடியவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

நவநீதன் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மாங்காய் ஊறுகாய்க்கு வெட்டிக்கொடுத்தேன். விரலில் லேசான காயம்.

ஜூன் 27, செவ்வாய்

நவநீதன் வந்தார். வரச் சொல்லவில்லை, அவராகத்தான் வந்தார். வாசலில் நிற்கிறவரைப் போ என்று சொல்ல முடியுமா?

புத்தகத்தின் அட்டையை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ‘நக்கல் ஞானமுத்துவின் ஒலிப்பதிவுகள்’. கீழே, ‘தொகுப்பு: கோமதிநாயகம்’. என் பெயரை அச்சில் நான் இதற்குமுன் பார்த்தது ஓய்வுபெற்ற நாளில் அடித்த வாழ்த்து மடலில்தான். அதிலும் எழுத்துப் பிழை.

புதுப் பாட்டுகளுக்கு இடம் போட வேண்டாம், உறுதியாகவில்லை என்றேன். “சரி சார்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அப்போ சொரிமுத்து சொன்னதுதான் சரி போல. கம்ப்யூட்டர் குரலா இருக்கலாம்னு முன்னுரைல ஒரு வரி போட்டுரலாமா?” என்றார்.

கம்ப்யூட்டர் குரலாம்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. குரல் அவருடையதுதான், அது வீட்டு ஆட்களே சொன்னது என்று சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. மணிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. விரிசல் விட்ட மணி எப்படி ஒலிக்கும் என்று பொதுவாகச் சொன்னேன். அவர் போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டார். அதில் தண்டவாளம் தெரிகிறது, கேட் தெரிகிறது, வேதக்கோயில்கள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. என்ன விஞ்ஞானம்! அவர் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். நான் எந்த ஊரின் பெயரையும் வாயால் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. ஒரு புள்ளியைத் தொட்டபோது நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். வல்லி அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. காபியும் போடவில்லை.

ஜூன் 28, புதன்

வயிறு சரியில்லை. நேற்றைய புளிக்குழம்பு.

ஜூலை 1, சனி

மெய்ப்பு எப்போது வரும் என்று கேட்க நவநீதனைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. எண்ணைத் தப்பாக அழுத்தியிருப்பேன் என்று மறுபடி பார்த்து அழுத்தினேன். அதேதான். சென்னையில் அவர் சொன்ன பெயரில் ஏதாவது காப்பகம் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். இல்லை என்றாள். புதிதாக ஆரம்பித்திருக்கலாம்.

பியூலாவின் எண் போனில் இருக்கிறது. எடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? ஒன்றும் இல்லாததற்கு அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவானேன்? திங்கள்கிழமை கூப்பிடலாம்.

“ஒங்க முகம் ஏன் இப்பிடி இருக்கு?” என்றாள் வல்லி.

ஜூலை 3, திங்கள்

மின் கட்டணம் கட்டினேன். பல் டாக்டரிடம் போனேன். வேறொன்றும் செய்ய நேரமில்லை.

ஜூலை 4, செவ்வாய்

காலையில் எட்டரைக்குக் குழுவில் புதுப் பாட்டு. முதல் முறையாகப் பெயர் சொல்லி ஆரம்பிக்கிறது. “நான் நக்கல் ஞானமுத்து பாடுறேன்.”

மலை போல மனசு, அண்ணாச்சிக்கு மலை போல மனசு
மண்ணு திங்க வேண்டியது என்னோட வயசு
பொய்யாப் பாடிப்புட்டேன், புத்திகெட்டுப் பாடிப்புட்டேன்
கையெடுத்துக் கும்பிடுதேன், மன்னிக்கணும் ஐயா

குழுவில் ஒரே கொண்டாட்டம். “தலைவர் உச்சத்துக்குப் போயிட்டார்”, “மன்னிப்புக் கேக்குற மாதிரியே நக்கல்”, “விழுந்து விழுந்து சிரிச்சேன்”. சொரிமுத்துவின் மச்சான் என்னைக் குறிப்பிட்டு, “அண்ணே, நீங்க சொன்னது சரிதான், ஞானமுத்துவேதான்” என்று எழுதியிருக்கிறான். எல்லோரும் எனக்குக் கை தட்டியிருக்கிறார்கள்.

நான் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

இது நக்கல் இல்லை. அவர் நக்கல் பண்ணும்போது சுருதி கொஞ்சம்கூட நழுவாது, அதுதான் அவர் வித்தை. இதில் ‘மலை’ என்பதில் ‘ம’ சரியாக ஒட்டவில்லை. உதடு வீங்கினவன் பேசுவதுபோல இருக்கிறது. ‘பொய்யா’ என்பதற்கு முன் அவர் நிறுத்துகிறார். யாரோ முதுகில் கைவைத்ததும் தொடர்வதுபோலத் தொடர்கிறார். ‘ஐயா’ என்பது பாட்டே இல்லை.

நான் செய்துவிட்டேன். எழுதாமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடாது. ஏழுபனைவிளை என்று வரைபடத்தில் அவன் விரல் நின்றபோது நான் தலையை ஆட்டினேன். நன்றாக, மேலும் கீழுமாக ஆட்டினேன். ஆட்டிவிட்டு “கேட்டத் தாண்டி எடதுபக்கம்” என்றும் சொன்னேன்.

ஜூலை 5, புதன்

நான் கூப்பிடுவதற்கு முன் பியூலா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன அப்பா வீட்டுக்கு வரவில்லை. வெள்ளைக் காரில் ஏற்றியதை ஒரு கிழவி பார்த்திருக்கிறாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. அவர்களோ நேற்று வந்த பாட்டைப் போட்டுக் காட்டி, ஒன் அப்பா சவுக்கியமாப் பாடிட்டுத்தான் இருக்காரு, போம்மா என்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை. நான் சனிக்கிழமை போனைக் கையில் வைத்திருந்தேன்.

வல்லி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். “அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் வாங்கிச் சொல்லுவேன்” என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சொன்னேன். நவநீதன், ஹெட்போன், மணி, தலையாட்டியது. இடதுபக்கம் என்றது. எல்லாம் சொன்னேன். அவள் திட்டுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.



“அதப் பொறவு பேசுவோம் சார்” என்றாள். “இப்ப அந்தப் பாட்டக் கேளுங்க. மூணு பாட்டு கேட்டு எங்க வீட்டக் கண்டுபுடிச்சிய. அப்பாவ எங்க வச்சிருக்காவன்னு கேட்டுச் சொல்லுங்க.”

ஜூலை 6, வியாழன்

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நவநீதனைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். வல்லியும் முழங்கால் வலியோடு கூட வந்தாள். ஏட்டு ஆளின் அடையாளம் கேட்டார். கார் எண் கேட்டார். தெரியவில்லை என்றேன். எத்தனை முறை வந்த கார், ஒருதடவைகூட எண்ணைப் பார்க்கவில்லை. தாழையப்பன் பெயரைச் சொன்னதும் ஏட்டு பேனாவை மூடிவிட்டு, “பாட்டுக் கேட்டுட்டு வந்து இப்பிடிச் சொன்னா எப்பிடி சார்” என்றார். மனுவை அவர்கள் வாங்கிக்கொள்ளும்வரை நகரமாட்டேன் என்று வல்லி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜன்னல்களை அடைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், குளிர்பெட்டியைக்கூட வல்லி அணைத்துவிட்டாள். வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். குரலை அடக்கிவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் ஏற்றித் தரும்படி ஸ்டூடியோக்காரர் ஒருவரைக் கெஞ்சி, அதையும் கேட்டாயிற்று.

காற்றாலை இல்லை. ரயில் இல்லை. சங்கு இல்லை, மணி இல்லை, காக்கைகூட இல்லை. எதையெதைக் கேட்டு நான் இடம் பிடிப்பேன் என்று ஒன்றுவிடாமல் அவனுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அவன் அத்தனையையும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான். உள்ளே ஒரு வயசாளியின் மூச்சு மட்டும் இருக்கிறது. அது ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே போகிறது.

பியூலா சாயங்காலத்துக்குள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். “ஏதாவது கேக்குதா சார்?”

“இன்னும் இல்லம்மா” என்கிறேன்.

“மறுபடியும் கேளுங்க” என்கிறாள். கேட்கிறேன்.